ஏழு அடிக்குக் கீழே ஒரு முழு இலை: ஏற்காட்டில் குட்டை வெட்டும்போது கிடைத்தது

மலையடிவாரம் | சனி இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சேலத்தில் வேலை, அம்மா ஊர் ஏற்காடு மலையில். மாமாவின் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. வருடம் முழுக்கக் கால் வைத்தால் புதையும். கோரையும் சம்பும் தவிர ஒன்றும் வராது. பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே ஏரி மாதிரி தண்ணீர் நிற்குமாம். இந்த வருடம் மாமா ஜேசிபி வைத்து அதில் குட்டை வெட்டினார்.

மேலே முழுக்கச் செம்மண் வண்டல். ஆறரை அடி தாண்டியதும் நிறம் சட்டென்று மாறியது. மை மாதிரி கருப்புக் களி, அழுகிய முட்டை வாடை. ஒரு கட்டியைப் பிளந்து பார்த்தேன், உள்ளே ஒரு முழு இலை! பிளந்த நொடியில் செம்பு கலந்த பழுப்பு நிறம். போனை எடுத்து லென்ஸைத் துடைப்பதற்குள் கண் முன்னாலேயே கருத்துவிட்டது. அதனால் படத்தில் நீங்கள் பார்ப்பது கருப்பு இலைதான், நான் பார்த்தது அதுவல்ல.

இது என்ன மரம்? எவ்வளவு பழசு? காப்பி வருவதற்கு முன்னால் அந்தச் சரிவில் சோலைக்காடு (மலை மடிப்பில் வளரும் பசுமைக்காடு) இருந்ததா என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

காப்பிக்கொட்டை | சனி இரவு 9.58

அந்தக் கருப்பு மண்ணை மாமா எங்கே கொட்டினார் என்று முதலில் கேளுங்க தம்பி. மிளகுக் கொடி மூட்டுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. நானாக இருந்தால் அன்றைக்கே அள்ளியிருப்பேன்.

சும்மா ஒரு கேள்வி | சனி இரவு 10.15

ஏழு அடி என்றால் சாதாரணமா? பத்தாயிரம் வருடமாவது இருக்கும். பனியுகத்து இலை. பத்திரிகைக்குச் சொல்லுங்கள்.

அடுக்குமண் | சனி இரவு 11.02

பத்திரிகை இருக்கட்டும். அந்த இலை இப்போது எங்கே இருக்கிறது? காய விட்டுவிடாதீர்கள். நான் சில வருடம் ஏரிச் சேறு சலிக்கும் வேலையில் இருந்தவள், அந்தப் பதற்றத்தில் கேட்கிறேன்.

மலையடிவாரம் | சனி இரவு 11.10

அக்கா, நியூஸ்பேப்பர் நடுவில் வைத்து ஜன்னல் ஓரம் வைத்தேன். சாயங்காலம் எடுத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. ஆனால் பிளக்காத இரண்டு கட்டிகள் கவரில் இருக்கின்றன.

அடுக்குமண் | சனி இரவு 11.48

சரி, போனது போகட்டும். மீதியை ஈரம் போகாமல் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீஸரில் வேண்டாம், ஐஸ் கட்டினால் இலையின் திசு கிழியும். மாதக்கணக்கில் போட்டும் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இன்றைய காற்றின் கார்பனை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பிறகு ரேடியோ கார்பன் முறையில், அதாவது கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று அளந்து, வயது பார்த்தால் இலை உள்ளதைவிட இளசாகக் காட்டும்.

இலை ஏன் மக்கவில்லை என்பதற்குப் பதில் நீங்கள் சொன்ன முட்டை வாடையிலேயே இருக்கிறது. தண்ணீர் தேங்கி, அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில்தான் அந்த வாடை வரும். மக்க வைக்கும் பூஞ்சைக்கு அங்கே மூச்சு கிடையாது. நீங்கள் கட்டியைப் பிளந்ததும் அத்தனை காலம் தொடாத காற்று ஒரே நொடியில் பட்டது, அதுதான் கருத்தது.

பத்தாயிரம் வருடக் கதைக்கு வருகிறேன். ஆழத்தை வைத்து வயது சொல்லக் கூடாது. ஒரு ஏரியில் ஒரு அடி வண்டல் சேர ஆயிரம் வருடம் ஆகலாம். சரிவில் காட்டை வெட்டிவிட்டால் நாலு மழையிலும் சேரலாம்.

தாவர வாத்தியார் | ஞாயிறு காலை 6.20

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பல் இல்லை, நுனி கூர். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி ஓடுகின்றன. முக்கியமானது என்னவென்றால், அவை விளிம்பைத் தொடாமல் கொஞ்சம் உள்ளே விளிம்புக்கு இணையாக ஓடும் இன்னொரு நரம்பில் போய்ச் சேருகின்றன. துணிக்கு ஓரம் மடித்துத் தையல் போட்டதுபோல இருக்கும். வீட்டுப் பக்கத்தில் நாவல் மரம் இருந்தால் ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், அதே தையல் தெரியும்.

ஆகவே நாவல் குடும்பம் என்று சொல்வேன். அதற்கு மேல் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

சும்மா ஒரு கேள்வி | ஞாயிறு காலை 8.05

நாவல் என்றால் சோலைக்காடு உறுதியாகிவிட்டதுதானே?

தாவர வாத்தியார் | ஞாயிறு காலை 8.40

இல்லை. சோலையில் நாவல் இனங்கள் உண்டு. ஆனால் சாதாரண நாவல் சமவெளி ஓடைக்கரையிலும் நிற்கும். இன்னொரு சிக்கல், யூக்கலிப்டஸும் இதே குடும்பம், அதற்கும் அந்த ஓரத் தையல் உண்டு. அது நீலகிரிக்கே 1840களில் வந்த மரம். தைல இலை பொதுவாக அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், இது நேராக இருக்கிறது. அதனால் சந்தேகத்தின் பலன் நாவலுக்கு. ஒரே இலையை வைத்துக் காட்டையே வரைவது என் வேலை இல்லை.

மூக்கனேரிக்கரை | ஞாயிறு காலை 9.30

பழைய காட்டைக் கண்டுபிடிக்க மகரந்தத் தூளைத்தானே பார்ப்பார்கள்? இலை, விதையெல்லாம்கூடப் பார்ப்பார்களா? அப்புறம் எங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரிச் சேற்றில் குழாய் இறக்கி மாதிரி எடுத்தால் ஏதாவது கிடைக்குமா?

அடுக்குமண் | ஞாயிறு காலை 11.15

இரண்டும் நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகரந்தத்தில் வேலை செய்பவர்கள்தான் அதிகம். 1916இல் லெனார்ட் ஃபான் போஸ்ட் என்ற ஸ்வீடன்காரர் சேற்றில் அடுக்கடுக்காக மகரந்தத்தை எண்ணி வரைபடமாகக் காட்டினார், அங்கிருந்து பிடித்துக்கொண்டது. ஒரு மணியின் அளவு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். ஒரு சிட்டிகைச் சேற்றில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், சுற்றுவட்டாரம் முழுவதையும் சேர்த்துச் சொல்லும். அதன் பலவீனமும் அதுவேதான். காற்று பல மைல் தூக்கி வரும், எந்த மலையின் மரம் என்று தெரியாது. புல் என்றால் கோதுமைக் குடும்பம் மொத்தமும் ஒரே உருண்டை. அது அருகா, சாமையா, நாணலா என்று பிரிப்பது பெரும்பாடு. வண்டும் தேனீயும் பறவையும் நம்பி வாழும் மரங்கள் மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைப்பதில்லை, அதனால் அவை கணக்கிலேயே வராமல் போகும்.

இலை, விதை, பழக்கொட்டை, மொட்டுச் செதில், சுள்ளி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவு, அரை மில்லிமீட்டரிலிருந்து மேலே. இவை தூரம் போகாது. நாவல் இலை ஒன்று பள்ளத்தில் கிடந்தால் மரம் கரையிலோ, மேலே ஓடை வரும் வழியிலோ நின்றது என்று நம்பலாம். நல்ல விதையாக இருந்தால் இனத்தின் பெயர் வரைக்கும் சொல்லலாம். மகரந்தம் 'இந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது' என்று சொல்லும். இலை 'இங்கேதான் நின்றேன்' என்று சொல்லும். ஆனால் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. ஒரு லிட்டர் சேறு சலித்து நாலு விதை கிடைத்தால் அன்றைக்கு டீ என் செலவு.

அதனால் ஒன்றை எப்போதும் ஞாபகம் வைக்க வேண்டும்: கிடைத்தால் இருந்தது, கிடைக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேகோ ஆலைக்கு ஊர் முழுக்க மரவள்ளி. குச்சி வெட்டி நடுகிறோம், கிழங்கைப் பிடுங்கிவிடுகிறோம், விதையாவது கிதையாவது. ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் ஏரிச் சேற்றில் விதை தேடினால் சேலத்தில் மரவள்ளியே கிடையாது என்று எழுதிவிட்டுப் போவார்.

மூக்கனேரி: 2010 வாக்கில் தூர்வாரி, அள்ளிய மண்ணிலேயே தீவு தீவாகத் திட்டு கட்டி மரம் வைத்தார்களே. பறவைக்கு அது நல்லது, எனக்கும் பிடித்த இடம்தான். ஆனால் என் மாதிரி ஆளுக்கு அது பக்கங்களைக் கிழித்துக் குலுக்கிப் போட்ட புத்தகம். நம் ஊர் ஏரிகளின் கதையே இதுதான். வண்டல் சேர்ந்தால் வண்டி கட்டிப் போய் அள்ளி வயலுக்கு அடித்துவிடுவோம். கரம்பை மண் இல்லாமல் வெள்ளாமை ஏது? விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். போதாக்குறைக்குச் சமவெளி ஏரிகள் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் காய்கின்றன. வெடிப்பு வழியே காற்று இறங்கினால் இலையும் போச்சு, மகரந்தமும் பெரும்பாலும் போச்சு. புல்லுக்குள் இருக்கும் சிலிக்காத் துகளும் கரித்துண்டும்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். அந்தக் கணக்கில் ஏற்காட்டில் என்றைக்கும் காயாத, யாரும் தூர்வாராத ஒரு சேத்துப் பள்ளம் கிடைத்தது பெரிய விஷயம். அதில் ஜேசிபி விட்டது... சரி, விடுங்கள்.

காப்பிக்கொட்டை | ஞாயிறு மதியம் 1.10

ஜேசிபி விடாமல் இருந்திருந்தால் உங்களுக்கு அந்த இலையே தெரிந்திருக்காது அம்மணி.

அடுக்குமண் | ஞாயிறு மதியம் 1.25

அதுவும் நியாயம்தான்.

சும்மா ஒரு கேள்வி | ஞாயிறு மாலை 4.00

கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே முன்னால் எந்த மரம் இருந்தது என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்?

தாவர வாத்தியார் | ஞாயிறு மாலை 5.30

லாபம் இருக்கிறது. நீலகிரியில் மேட்டில் புல்வெளி, மடிப்பில் சோலை. அந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்தது, ஆகவே அங்கே மரம் நட வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு கட்சி பேசியது. 1993இல் சூழலியல் ஆய்வாளர் சுகுமாரும் அவருடன் இருந்தவர்களும் நீலகிரியின் கரிச்சேற்றில் கார்பன் ஐசோடோப்பு அளந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மரத்தின் கார்பனும் வெப்பநாட்டுப் புல்லின் கார்பனும் வேறு வேறு விகிதத்தில் இருக்கும், அதை வைத்துப் படிப்பது. இருபதாயிரம் வருடத்துக்கு முந்தைய பனியுக வறட்சியிலேயே அங்கே புல் கோலோச்சியது என்று தெரிந்தது. பின்னால் மழைக்காலம் வலுத்தபோது அது பின்வாங்கியிருக்கிறது, மறுபடி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பூர்வீகப் புல்வெளியில் ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தை நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று சொல்லிக்கொண்டோம். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

சொந்த விஷயம் ஒன்று. நான் மாணவனாக இருந்த காலத்தில் மகரந்தம் என்றால் ஒரே பெயர்தான், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தணிகைமணி. நம் நாட்டுப் பூக்களின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகடு தகடாகச் சேர்த்து வைத்த இடம் அது. ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாவிட்டால் சேற்றில் கிடைக்கும் மணி வெறும் தூசு. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இருந்து உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். பேச்சு வந்ததால் சொன்னேன்.

மலையடிவாரம் | ஞாயிறு இரவு 8.45

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி.

அக்கா, மீதி இரண்டு கட்டியை நானே சலிக்கலாமா? வீட்டில் மாவு சல்லடையும் டீ வடிகட்டியும் இருக்கின்றன. வயது பார்க்க எதை எடுத்து வைக்க வேண்டும்?

அடுக்குமண் | ஞாயிறு இரவு 9.30

ஒன்றைச் சலியுங்கள், ஒன்றைத் தொடாதீர்கள். கட்டியின் வெளிப்புறத்தைக் கத்தியால் சீவி எறியுங்கள், ஜேசிபி பல் மேல்மண்ணை அங்கே பூசியிருக்கும். சலிப்பதற்கு முன் கொள்ளளவு குறித்துக்கொள்ளுங்கள்: அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, கட்டியைப் போட்டால் மட்டம் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான். பிறகு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் பொட்டாஷ் கொஞ்சம் சேர்ப்போம், வீட்டில் சோடா உப்பு போதும். காலையில் வடிகட்டியில் ஊற்றி மெதுவாக ஓடும் குழாயடியில் காட்டுங்கள். விரலால் தேய்க்கவே கூடாது. தங்கியதை வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு பரப்பி, லென்ஸ் வைத்து, நனைந்த பெயிண்ட் பிரஷ் நுனியால் ஒவ்வொன்றாக எடுங்கள். கோரை விதை முக்கோணமாக, எள்ளைவிடச் சின்னதாக மின்னும். முதல் விதை கண்ணில் படும் வரைதான் கஷ்டம், அப்புறம் வரிசையாகத் தெரியும். அடையாளம் காணப் புத்தகத்தை நம்பாதீர்கள். பள்ளத்தைச் சுற்றி இன்று இருக்கும் எல்லாச் செடியின் விதையையும் சேர்த்துத் தீப்பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

வயதுக்கு நிலத்துத் தாவரம்தான் வேண்டும்: மர இலை, சுள்ளி, பழக்கொட்டை. தண்ணீருக்குள் வளரும் பாசியைக் கொடுக்காதீர்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனை எடுக்கும். பாறைச் சுண்ணாம்பிலிருந்து கரைந்த பழைய கார்பன் அதில் கலந்திருந்தால் நேற்றுச் செத்த பாசிகூட ஆயிரம் வருடக் கிழவி என்று காட்டும். ஏற்காட்டுப் பாறை சார்னோக்கைட் என்ற கருங்கல் வகை, அதில் இந்தத் தொல்லை குறைவு. கீழே மேக்னசைட் என்ற கார்பனேட் கல் கிடைக்கும் வெள்ளைக்கல் மேட்டுப் பக்கம் என்றால் பயந்தே இருக்க வேண்டும்.

மேலே இருக்கும் செம்மண்ணிலிருந்தும் ஒரு கட்டி எடுங்கள். எல்லோரும் கருப்பைப் பார்த்துக்கொண்டு சிவப்பை மறந்துவிட்டோம்.

மலையடிவாரம் | அடுத்த ஞாயிறு, மாலை 6.10

நேற்று மேலே போய்க் குட்டையின் சுவரிலிருந்து எடுத்து வந்தேன். செம்மண்ணில் ஒரு அடி, மூன்றடி, ஆறடி ஆழத்தில் ஒவ்வொரு கட்டி. நிறம் மாறும் இடத்தில் ஒன்று. இன்று காலை ஏழு மணிக்குச் சலிக்க உட்கார்ந்தேன், கழுத்து வலி தாங்கவில்லை.

ஒரு அடி: உண்ணிச்செடிக் கொட்டைகள், காப்பிக்கொட்டையின் மஞ்சள் ஓடு, ஒரு குர்குரே கவர் துண்டு.

மூன்றடி: காப்பி ஓடு, கோரை விதை நிறைய.

ஆறடி: கோரை விதை. அப்புறம் ஒரு இலைத் துண்டு, கட்டைவிரல் நகம் அளவு. பெரணி மாதிரி பிளவு பிளவாக, ஓரம் உள்பக்கம் சுருண்டிருந்தது. பிரஷால் புரட்டினேன். அடிப்பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை மினுமினுப்பு இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, 'இது சில்வர் ஓக் தானேடா' என்றாள்.

கருப்புக் களி: சில்வர் ஓக் இல்லை, காப்பி இல்லை. வாத்தியார் ஐயா சொன்ன தையல் போட்ட இலை இன்னும் மூன்று, பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு கொட்டை, பெயர் தெரியாத விதைகள்.

நிறம் மாறும் இடத்தில் இரண்டு விரல் கனத்துக்கு வெறும் கரித்துண்டு.

தாவர வாத்தியார் | அடுத்த ஞாயிறு, மாலை 6.50

அம்மாவுக்கு என் வணக்கம். பெரணி மாதிரி இலை, சுருண்ட ஓரம், வெள்ளி அடி: சில்வர் ஓக்கேதான்.

அடுக்குமண் | அடுத்த ஞாயிறு, இரவு 7.30

தம்பி, நீங்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறதா?

சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். காப்பிக்கு நிழலுக்காகத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்தது. ஏற்காட்டில் காப்பியே 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்ததுதான். அந்த இலை கிடக்கிற அடுக்கு எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆய்வுக்கூடம் வேண்டாம், பணம் வேண்டாம், இலையே தேதி முத்திரை. அது ஆறடியில் கிடக்கிறது! அப்படியானால் அந்தச் செம்மண் ஆறடியும் இருநூறு வருடத்துக்குள் சரிவிலிருந்து வழிந்து வந்து உங்கள் பாட்டியின் ஏரியை மூடியது. பத்தாயிரம் வருடம் என்றவர் எங்கே?

இதையே கீழே சமவெளியில் சீமைக் கருவேலத்தை வைத்துச் செய்யலாம், அது இந்தியாவுக்கு வந்தது 1870களில். செம்மண்ணை இன்னும் துல்லியமாகப் பிரிக்க ரேடியோ கார்பன் உதவாது, இவ்வளவு இளசான மண்ணில் அது தடுமாறும். ஈயம் 210 என்று ஒரு கதிரியக்க ஈயம் இருக்கிறது, 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும், ஒன்றரை நூற்றாண்டு வரை சொல்லும். கூடவே சீசியம் 137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள், அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சம் தொட்டது. அந்த உச்சம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அது 1963.

சும்மா ஒரு கேள்வி | அடுத்த ஞாயிறு, இரவு 7.45

இங்கேதான் இருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கரி? காப்பி போடக் காட்டை எரித்ததுதானே?

காப்பிக்கொட்டை | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

அவசரப்படாதீங்க. வெள்ளைக்காரனுக்கு முன்னாலேயே மலையில் ஜனங்கள் இருந்தார்கள். மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடி மக்கள் கொத்துக்காடு போட்டுச் சாமையும் கேழ்வரகும் விளைய வைத்தவர்கள். அவர்களும் சருகைக் கொளுத்துவார்கள். எல்லாப் பழியையும் தோட்டக்காரன் தலையில் கட்டாதீங்க, நானும் தோட்டக்காரன்தான்.

அடுக்குமண் | அடுத்த ஞாயிறு, இரவு 8.55

இவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பெரிய கரித்துண்டு தூரம் பறக்காது, ஆகவே தீ பக்கத்திலேயே எரிந்தது. யார் வைத்தது என்று கரி சொல்லாது, கூட இருப்பது சொல்லலாம். கருகிய சாமையோ கேழ்வரகோ அந்த இரண்டு விரல் கனத்தில் இருந்தால் பேச்சே மாறிவிடும். தானியம் கருகிவிட்டால் ஈரமில்லாத மண்ணில்கூடத் தாங்கும். தானியத்தை வைத்துத் தேதியும் பார்க்கலாம், பழனிப் பக்கம் பொருந்தல் அகழாய்வில் கிடைத்த நெல்லை வைத்துத்தானே கி.மு. 490 என்று தேதி வாங்கினார்கள். கரிக்கு மேலே ஒரு காப்பி ஓடாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஒரு கட்டி இதற்குப் போதாது. கருப்புக் களி குறைந்தது ஒரு கூடை வேண்டும்.

மலையடிவாரம் | திங்கள் காலை 7.15

இப்போதுதான் மாமாவிடம் பேசினேன். வெட்டிப் போட்ட கருப்பு மண் முழுவதையும் போன வாரமே மிளகுக் கொடிக்கு அடித்துவிட்டாராம். குட்டையிலும் நேற்று ராத்திரி மழையில் நாலடி தண்ணீர் ஏறிவிட்டது.

காப்பிக்கொட்டை | திங்கள் காலை 7.20

நான் முதல் நாளே கேட்டேன்!

மலையடிவாரம் | திங்கள் காலை 7.32

ஒரே ஒரு ஆறுதல். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் ஒரு பெயிண்ட் வாளி நிறையக் கருப்பு மண் இருக்கிறதாம். அத்தை ரோஜாச் செடிக்கு என்று எடுத்து வைத்தது. கரி ஒட்டின கட்டிகள் அதில் இருப்பதாகச் சொல்கிறார்.

அடுக்குமண் | திங்கள் காலை 7.36

அத்தையிடம் சொல்லி அந்த வாளிக்கு மூடி போடச் சொல்லுங்கள், மேலே ஈரச் சாக்கு ஒன்று. ரோஜாச் செடிக்கு இரண்டு மூட்டை மண்புழு உரம் நான் வாங்கி வருகிறேன். ஞாயிறு காலை அடிவாரத்தில் முதல் பஸ் எத்தனை மணிக்கு?